பட்டறையை மூடுகிறீர்களா? கரண்ட் இருக்கும்போதே மெஷின்களை விற்றுவிடுங்கள்

கேள்வி: கோவை கணபதியில் அப்பா நடத்திவந்த ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுக்கும்) பட்டறையை மூடுகிறோம். ஹெச்எம்டி லேத், மில்லிங், ரேடியல் டிரில்லிங், ஃபேனக் கன்ட்ரோலர் உள்ள சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) டர்னிங் மெஷின், இரண்டு பீரோ நிறைய டூல்ஸ் இருக்கின்றன. பழைய இரும்பு வியாபாரி மொத்தத்துக்கும் ஒரே விலை சொல்கிறார். அடுத்த மாதம் கரண்ட் இணைப்பை ஒப்படைத்துவிட்டு அவருக்கே கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த இணைப்பை ஒப்படைக்காதீர்கள். ஓட்டிக் காட்ட முடிந்தால்தான் அது மெஷின். ஓட்டிக் காட்ட முடியாவிட்டால், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் வாங்க வருபவர் மனதுக்குள் எடை போட்டுத்தான் விலை சொல்வார். இரண்டு மூன்று மாத ஃபிக்ஸட் சார்ஜ் போனாலும் பரவாயில்லை, கடைசி மெஷின் போகும்வரை த்ரீ ஃபேஸ் இருக்கட்டும்.

சிஎன்சியைத்தான் அவசரமாகக் கவனிக்க வேண்டும். ஃபேனக் கன்ட்ரோலரின் பாராமீட்டர்களை, அதாவது மெஷின் ஓடத் தேவையான அமைப்பு எண்களை, காப்பாற்றிக்கொண்டிருப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. மெஷினை ஆஃப் செய்து மாதக்கணக்கில் போட்டுவைத்தால் பேட்டரி இறங்கி எல்லாம் அழிந்துவிடும். அதன்பின் சர்வீஸ் இன்ஜினியரை வரவழைக்க ஆகும் செலவை உங்கள் விலையில்தான் கழிப்பார்கள். திரையில் பேட்டரி எச்சரிக்கை வந்தால் பவர் ஆனில் இருக்கும்போதே புதிய பேட்டரி மாற்றுங்கள். ஆஃப் செய்துவிட்டு மாற்றினால் அழிந்துபோகும் ஆபத்து உண்டு. பாராமீட்டர், லேடர் (மெஷினின் சுவிட்சுகளை இயக்கும் லாஜிக்), புரோகிராம் எல்லாவற்றையும் மெமரி கார்டில் பேக்கப் எடுத்து, எலக்ட்ரிகல் டிராயிங்கோடு சேர்த்து வையுங்கள். அந்தக் கார்டையும் டிராயிங்கையும் கையில் கொடுத்தாலே வாங்குபவருக்குப் பாதி பயம் போய்விடும்.

லேத்துக்கு வருவோம். விவரம் தெரிந்தவர் வந்தால் முதலில் வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில்தான் பெட்டை (சாடில் நகரும் தண்டவாளம் போன்ற அடிப்பாகத்தை) தடவிப் பார்ப்பார். வேலை அதிகம் நடப்பதும் அங்கேதான், தேய்வதும் அங்கேதான். டூலைத் தாங்கி நகரும் சாடிலை அங்கே நிறுத்தி, அதன் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் பட்டையை லேசாக இறுக்கிவிட்டு, எதிர்முனையில் உள்ள டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுவார். போகப்போக இறுகினால் பெட் தேய்ந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். அவர் வருவதற்கு முன் நீங்களே சோதித்துவிடுங்கள். 50 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடைச் சக்கில் பிடித்து, 150 மி.மீ. நீளத்துக்கு லேசாக ஒரு ஃபினிஷிங் கட் எடுத்து, இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.02 மி.மீ.க்குள் இருந்தால் அந்த ராடையே எடுத்துக் காட்டுங்கள், பேரத்தில் அது பேசும். அதிகமாக இருந்தால் மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ற விலை கேளுங்கள்.

புது பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். காஸ்டிங்கில் விரிசலையோ வெல்டிங்கையோ மறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். மண்ணெண்ணெயில் துடைத்து, ஸ்லைடுகளில் எண்ணெய் தடவினால் போதும். பெட்டில் எமரி தாள் படவே கூடாது.

சேஞ்ச் கியர்கள், ஃபோர் ஜா சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி, சக் கீ எல்லாம் பட்டறையின் எந்த மூலையில் கிடந்தாலும் தேடி எடுத்து அந்தந்த மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள். த்ரீ ஜா சக்கின் ரிவர்ஸ் ஜாக்களில் 1, 2, 3 என்று எண் இருக்கும். மூன்றையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் செட்டுக்கு மதிப்பில்லை.

மொத்த விலையில் அதிகம் நஷ்டமாவது அந்த இரண்டு பீரோவில்தான். பிரிக்காத இன்சர்ட் (டூல் நுனியில் மாட்டும் வெட்டு முனை) பெட்டிகள், எண்ட் மில், மிட்டுடோயோ மைக்ரோமீட்டர், ஸ்லிப் கேஜ், சர்ஃபேஸ் பிளேட் இவற்றை அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களே தனித்தனியாக வாங்கிக்கொள்வார்கள். தேய்ந்த கார்பைடு இன்சர்ட்டுகளை இரும்போடு போடாதீர்கள். கார்பைடுக்குக் கிலோ விலை இரும்பைவிடப் பல மடங்கு. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) துண்டுகளையும் தனியாகப் பிரியுங்கள்.

விலை பேசுமுன் ஒவ்வொரு மெஷினின் எடையையும் கேட்லாக்கில் பார்த்து, அன்றைய வார்ப்பிரும்பு ஸ்கிராப் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்கவே வேண்டாம். ஹெச்எம்டி, பிஎஃப்டபிள்யூ, பிஎஸ்ஜி மாதிரி பெயர் உள்ள மெஷின்களுக்கு ஜாப் ஒர்க் செய்பவர்கள் அதைவிட நன்றாகவே கொடுப்பார்கள். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் ஆவாரம்பாளையத்திலும் நேரில் சொல்லிவையுங்கள். புரோக்கர் மூலம் வந்தால் கமிஷன் யார் கொடுப்பது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். யாரும் கேட்காத மெஷினை மட்டும் கடைசியில் எடைக்குப் போடலாம். அப்போது எடைமேடையை நீங்கள் தேர்ந்தெடுங்கள், காலி லாரியை எடை போடும்போதும் கூடவே போங்கள். காலி லாரியில் நாலு ஆளும் கல்லும் இருந்தால் அத்தனை கிலோவும் உங்கள் கணக்கில்தான் குறையும்.

மெஷின்கள் பேங்க் கடனுக்கு ஈடாக ஹைப்பாதிகேஷனில் இருந்தால் பேங்கிடம் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்காமல் முன்பணம்கூட வாங்கக் கூடாது. ஜிஎஸ்டி பதிவையும் விற்று முடித்த பிறகே ரத்து செய்யுங்கள். வாங்கியபோது ஐடிசி (கட்டிய ஜிஎஸ்டிக்கான வரவு) எடுத்த மெஷின் என்றால், விற்கும் விலைக்கான வரி, அல்லது எடுத்த ஐடிசியில் காலாண்டுக்கு 5 சதவீதம் கழித்த மீதி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். 5 ஆண்டு தாண்டியிருந்தால் மீதி எதுவும் இருக்காது, விற்பனை விலைக்கான வரி மட்டும்தான். தமிழகத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் போனால் இ-வே பில் கட்டாயம்.

ஏற்றும் செலவும் பொறுப்பும் வாங்குபவருடையது என்று பில்லிலேயே எழுதுங்கள். பணம் ஆர்டிஜிஎஸ்ஸில் உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு கிரேன் உள்ளே வரட்டும், ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ஏற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். லேத்தைத் தூக்கும் பெல்ட் லீட் ஸ்குரூவிலோ ஃபீட் ராடிலோ படக் கூடாது. ரேடியல் டிரில்லிங்கில் ஆர்மை அடிவரை இறக்கி, ஹெட்டைக் காலம் (நடுத்தூண்) பக்கம் தள்ளி லாக் செய்து, கிரேன் பெல்ட் பிடித்துக்கொண்ட பிறகே ஃபவுண்டேஷன் போல்ட்டைக் கழற்ற விடுங்கள். ஆர்ம் மேலே நீட்டியபடி இருக்க போல்ட்டை எடுத்தால் மெஷின் ஆள் மேலேயே சாயும்.