தொற்று நேரத்துல முதியோர் இல்ல சாப்பாடு: கேள்வி பதில்

2020ல கொரோனா நேரத்துல ஒரு முதியோர் இல்லத்துல கிச்சன் பொறுப்பு என்கிட்ட இருந்துச்சு, அந்த அனுபவத்துல சொல்றேன், கேளுங்க.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஸ்டாக் வெக்கணும்?

பதில்: கெட்டுப்போகாத சாமான் ரெண்டு வாரத்துக்கு இருந்தா போதும் மேடம். அதுக்கு மேல அடுக்குனா பூச்சியும் எக்ஸ்பைரியும்தான் மிச்சம். முழுங்க கஷ்டப்படறவங்களுக்குத் தண்ணிய கெட்டியாக்கக் கலக்குற திக்கனர் பவுடர் மட்டும் ஒரு மாசத்துக்கு வெச்சுக்கோங்க, காய் இல்லன்னா வேற காய் போடலாம், இதுக்குப் பதில் எதையும் போட முடியாது, தண்ணி நுரையீரலுக்குப் போயிடும்.

கேள்வி: கடையில ஆளுக்கு ரெண்டு பாக்கெட்தான் தர்றாங்க, எங்க இல்லத்துல 40 பேர் சார், என்ன பண்றது?

பதில்: சில்லறை கடைய விட்டுடுங்க. ஹோட்டல், கேன்டீன் எல்லாம் மூடுனப்போ அவங்களுக்கு சப்ளை பண்ணிட்டிருந்த மொத்த வியாபாரிங்ககிட்ட சரக்கு தேங்கிக் கெடந்துச்சு, பெரிய மூட்டையா இருக்கும் அவ்ளோதான். இல்லத்தோட லெட்டர்ஹெட்ல எத்தனை பேர், வாரத்துக்கு என்ன வேணும்னு எழுதிக் குடுங்க. ஒரே ஆளை நம்பாதீங்க, ரெண்டு பேர்கிட்ட பேசி வைங்க.

கேள்வி: வர்ற பாக்கெட்டை எல்லாம் துடைக்கணுமா?

பதில்: வேணாம். கொரோனா முக்கியமா மூச்சுக்காத்து வழியாத்தான் பரவுது. சாமான் எடுத்து வெச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, டெலிவரி ஆள் வாசலோட இறக்கட்டும்.

கேள்வி: சமையல்காரருக்கே பாசிட்டிவ் ஆயிட்டா?

பதில்: இந்தக் கேள்வியத்தான் எல்லாரும் மொதல்ல கேக்கணும் தம்பி. எங்களுக்கு அரிசி தீரல, ஆள்தான் தீந்துச்சு. ரெண்டு டீமா பிரிங்க, ஒருத்தர ஒருத்தர் பாக்கவே கூடாது. யார் வேணா சமைக்கிற மாதிரி மூணு நாள் மெனு எழுதி சுவத்துல ஒட்டுங்க, யாருக்கு சர்க்கரை, யாருக்கு அலர்ஜி, யாருக்கு மசிச்சுத் தரணும்னும் அதுலயே இருக்கணும், ஏன்னா புதுசா வர்றவருக்கு அது தெரியாது, ஒரு தப்பு போதும் உயிருக்கே ஆபத்தாயிடும். வெளிய சமைச்சு கொண்டுவந்தா 60 டிகிரிக்கு மேல சூடா வரணும். ஆறிப்போனத ரொம்ப நேரம் வெளிய வெக்காதீங்க.

கேள்வி: எங்கம்மாவ ரூம்லயே தனியா வெச்சிருக்காங்க, தட்டு அப்படியே திரும்பி வருதாம். பயமா இருக்குங்க.

பதில்: பயம் நியாயம்தாம்மா. தனியா உக்காந்தா யாருக்குமே சாப்பாடு எறங்காது, தொற்று வந்திருந்தா ருசி வாசனையும் போயிடும். வாராவாரம் எடை பாக்கச் சொல்லுங்க, ஒரு மாசத்துல 5 சதவீதம் கொறைஞ்சா டாக்டர்கிட்ட உடனே காட்டணும். மூணு வேளைய ஆறா பிரிச்சு கொஞ்சம் கொஞ்சமா, அவங்களுக்கு ஒத்துக்கும்னா பால், முட்டை சேத்துத் தரச் சொல்லுங்க. அப்புறம் அவங்க சாப்பிடற நேரத்துக்கு தெனமும் வீடியோ கால் பண்ணுங்க, நீங்களும் தட்டோட உக்காருங்க. எங்க இல்லத்துல ஒரு பாட்டி மக மொகத்த பாத்துக்கிட்டே தான் பாதி தட்டு சாப்பிடுவாங்க.