பட்டா அம்மா பெயரில் இருந்தால் வீடு முழுவதும் அம்மாவுக்கா?

கேள்வி: திருச்சியில் அப்பா தன் சம்பாத்தியத்தில் 1996-ல் வாங்கிய வீடு இருக்கிறது. 2023-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். இப்போது அம்மா, அண்ணன், நான், அப்பாயி இருக்கிறோம். பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அம்மா வீடு முழுவதையும் அண்ணனுக்கு செட்டில்மென்ட் எழுதப் போகிறாராம். "உனக்குக் கல்யாணத்தில் 40 பவுன் போட்டாச்சு, 10 லட்சம் தர்றேன், ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போடு" என்கிறார் அண்ணன். வீடு 80 லட்சம் போகும். போடலாமா? நாங்கள் இந்துக்கள்.

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள்.

பட்டா என்பது வருவாய்த் துறைப் பதிவு. அதில் பெயர் ஏறியதால் மட்டும் யாரும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். அப்பா இறந்த அன்றே உங்கள் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு வந்துவிட்டது. உங்கள் பங்கின் மதிப்பு 20 லட்சம். நகை போட்டதைக் காட்டி அதைக் கழிக்கச் சட்டத்தில் வழியில்லை. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் இதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பூர்வீகச் சொத்தைப் பற்றியது. சுயசம்பாத்தியத்தில் மகளுக்குள்ள பங்கு 1956 முதலே இருக்கிறது.

அம்மா தன் கால் பங்கை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். முழு வீட்டையும் எழுதினாலும் செல்லுபடியாவது அந்தக் கால் பங்குதான். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: எழுதிக் கொடுப்பதானால், தன் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே சேர்க்க வேண்டும். செட்டில்மென்ட்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. அந்த நிபந்தனை இருந்து, அது மீறப்பட்டால், மூத்த குடிமக்கள் சட்டப்படி தீர்ப்பாயத்தில் ரத்து கேட்கலாம்.

உங்கள் வீட்டில் யாரும் கவனிக்காதது அப்பாயியின் பங்கு. எனக்குப் பெரிய கவலை அதுதான். அவர் எதுவும் எழுதாமல் காலமானால், அவருடைய கால் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் வாரிசாக உங்களுக்கும் அண்ணனுக்கும் பிரியும். உங்களுக்கு ஒரு சித்தப்பாவும் ஓர் அத்தையும் இருந்தால், ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கோடு அவர்களும் வீட்டுக்குள் வந்துவிடுவார்கள். அதன்பின் விற்கவோ கடன் வாங்கவோ அவர்கள் கையெழுத்தும் வேண்டும். எனவே அப்பாயி நல்ல நினைவோடு இருக்கும்போதே, அவர் விருப்பம் என்னவோ அதைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வது அவசரம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க மனமிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த விடுதலைப் பத்திரம்தான் வழி. பதிவு செய்யாத ஸ்டாம்ப் பேப்பரால் அண்ணனுக்கு உரிமை மாறாது. அதே பேப்பர் நாளைக்கு உங்களுக்கு எதிராக வழக்கில் நீட்டப்படலாம். உங்கள் சார்பில் வேறொருவர் கையெழுத்திட அனுமதிக்கும் பொது அதிகாரப் பத்திரம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. வாங்கும் தொகையை முழுதாகப் பத்திரத்தில் காட்டி, டிடி எண்ணையும் எழுதி, அது கைக்கு வந்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

பணம் வாங்கி விடுதலை எழுதினால் வருமான வரிக்கு அது சொத்து விற்பனைதான். அப்பா 2001-க்கு முன் வாங்கியதால், 1-4-2001 அன்றைய மதிப்பில் கால் பாகத்தை உங்கள் அடக்க விலையாக எடுக்கலாம். லாபத்துக்கு 12.5 சதவீதம், அல்லது அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு 20 சதவீதம். இந்தியாவில் வசிப்பவருக்கு எது குறைவோ அது. பணமே வாங்காமல் விட்டால் வரி இல்லை.

அண்ணனிடம் பேச ஒரு நியாயம் இருக்கிறது. இந்த வீட்டின் மேல் அவர் வங்கிக் கடன் கேட்டால், வங்கி வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து நால்வர் கையெழுத்தையும் கேட்பார். முறையாக முடிப்பது அவருக்கும் நல்லது. பேசப் போகும் முன், வீட்டின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். செட்டில்மென்ட் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், அதன் சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்டு, பாகப்பிரிவினை வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரைத் தாமதிக்காமல் பாருங்கள்.