அரபு நாடுகள் மின்சாரத்துக்கு ஏன் இன்னும் எண்ணெயையும் எரிவாயுவையும் நம்பியிருக்கின்றன?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த செடிகொடிகளும் நுண்ணுயிர்களும் மண்ணுக்கடியில் மாறி உருவானவைதான் நிலக்கரி, கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு. இவற்றைப் புதைபடிவ எரிபொருள் என்கிறோம். குவைத், கத்தார், சவூதி அரேபியா ஆகிய நாடுகளின் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது.

முதல் காரணம், அது காலடியிலேயே கிடைக்கிறது. தென்னந்தோப்பு வைத்திருக்கும் வீட்டில் குழம்புக்குத் தேங்காய் அரைக்கும்போது யாரும் விலை பார்ப்பதில்லை. அதே காயைச் சந்தைக்கு அனுப்பியிருந்தால் காசு என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். கோடையில் சவூதி, ஏற்றுமதி செய்யக்கூடிய கச்சா எண்ணெயையே மின்நிலையங்களில் எரிப்பதும் அப்படித்தான். வெயில் 45 டிகிரியைத் தாண்டும் ஊரில் ஏசி ஆடம்பரம் இல்லை, உயிர் காக்கும் பொருள். கடல்நீரைக் குடிநீராக்கவும் ஏராளமான ஆற்றல் வேண்டும். இதற்கு மேல், அரசுகள் மானியம் கொடுத்து மின்கட்டணத்தைக் குறைவாகவே வைத்திருந்தன. சிக்கனம் வளராமல் போனதற்கு அதுதான் பெரிய காரணம் என்பேன்.

மாற்றம் தொடங்கிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் பராக்கா அணுமின் நிலையத்தில் 2024 முதல் 4 உலைகளும் இயங்குகின்றன. நாட்டின் மின்தேவையில் ஏறக்குறைய கால்பங்கை அவை தருகின்றன.

சரி, அரபு நாடு என்றாலே சொந்த எண்ணெய்க் கிணறு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மொராக்கோ தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தயாரிப்பது வெளிநாட்டிலிருந்து வாங்கும் நிலக்கரியில்.