ஷாட்டை திட்டுங்க தம்பி, ஆளை விட்டுடுங்க

கேள்வி: நான் ஒரு ஸ்போர்ட்ஸ் டெஸ்க்ல சப் எடிட்டர். மேட்ச் முடிஞ்ச அரை மணி நேரத்துல கட்டுரை போயாகணும், காரமா இருந்தாதான் ஜனங்க படிப்பாங்கன்னு எடிட்டர் சொல்வார். போன மாசம் 20 வயசு பவுலர் ஒருத்தர் கடைசி ஓவர்ல சொதப்பினதை எழுதுறப்போ "இவனுக்கெல்லாம் யார் இடம் குடுத்தது, மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே"ன்னு ஒரு வரி போட்டேன். அது பயங்கரமா ஷேர் ஆச்சு. இப்ப அவரோட அக்கா மெசேஜ் அனுப்பியிருக்காங்க, தம்பி ரூமை விட்டே வெளிய வர்றதில்லைன்னு. சீனியர்கிட்ட கேட்டா, நாம என்ன ப்ளேயர்ஸுக்கு பி.ஆர். வேலையா பாக்குறோம்ங்கிறார். ஒரு ப்ளேயரை எந்த அளவுக்கு திட்டி எழுதலாம் சார்?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தம்பி, உங்க சீனியர் சொன்னதுல பாதி ரொம்ப சரி, நாம யாருக்கும் பி.ஆர். பாக்க வரல. காசு குடுத்து டிக்கெட் வாங்கி வெயில்ல உக்காந்து பாக்குறவருக்கு என்ன நடந்துச்சுன்னு ஒளிக்காம சொல்றதுதான் நம்ம வேலை, கேட்ச் விட்டா விட்டார்னுதான் எழுதணும், சோம்பேறித்தனமா ஓடி ரன் அவுட் ஆனா சோம்பேறித்தனமா ஓடினார்னுதான் எழுதணும். ஆனா "மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே"ங்கிற வரில கிரிக்கெட் எங்க இருக்கு? யார்க்கர் (பேட்ஸ்மேன் காலடில விழுற பந்து) ட்ரை பண்ணி ஃபுல்டாஸ் (தரைல படாம நேரா வர்ற பந்து) ஆச்சா, பந்து ஈரமா இருந்து கையை விட்டு நழுவுச்சா, ஃபீல்டை எப்படி நிறுத்தியிருந்தாங்க, சீனியர் பவுலருக்கு ஓவர் மிச்சம் இருந்தும் கேப்டன் இந்தப் பையன்கிட்ட குடுத்தாரா, இது எதுவுமே உங்க லெட்டர்ல இல்ல. கட்டுரைலயும் இருந்திருக்காதுன்னுதான் தோணுது, ஏன்னா இதெல்லாம் எழுதியிருந்தா மூஞ்சிக்குப் போகவேண்டிய தேவையே வந்திருக்காது.

காட்டமா பேசுறதுன்னா என்னன்னு பாக்கணும்னா 2024 டிசம்பர் 28, மெல்போர்ன் டெஸ்ட்டை எடுத்துக்குங்க. ரிஷப் பந்த், ஆஸ்திரேலியா பவுலர் போலண்ட் போட்ட பந்தை விழுந்துக்கிட்டே பின்பக்கமா தூக்கி ஸ்கூப் பண்ணப் போனார், உடம்புல பட்டுச்சு, அடுத்த பந்துலயும் அதே ஷாட், எட்ஜ் ஆகி டீப் தேர்ட்ல நின்ன லயன் கைக்குப் போச்சு. 28 ரன், இந்தியா 191க்கு 6. கமெண்ட்ரில இருந்த கவாஸ்கர் "ஸ்டுப்பிட், ஸ்டுப்பிட், ஸ்டுப்பிட்"னு கத்தினார். நாடு பூரா அதைத்தான் பேசுச்சு, ஆனா அவர் அதோட நிறுத்தல, அங்க ரெண்டு ஃபீல்டர் நிக்கிறாங்க, முந்தின பந்தே மிஸ் ஆச்சு, திரும்பவும் அதையே ஆடுறீங்க, இது விக்கெட்டை தூக்கி எறியுறதுன்னு வரிசையா காரணம் சொன்னார். எதிர் டீம் டிரஸ்ஸிங் ரூமுக்குப் போகட்டும்னும் சொன்னார், அது எனக்குப் பிடிக்கல, அந்த இடத்துல ஷாட்டை விட்டுட்டு ஆளோட விசுவாசத்தைத் தொட்டுட்டார். மத்தபடி அது முழுக்க கிரிக்கெட் பேச்சு. 2025 ஜூன்ல லீட்ஸ்ல பந்த் முதல் இன்னிங்ஸ்ல 134, ரெண்டாவதுல 118 அடிச்சார், முதல் செஞ்சுரி வந்தப்போ அதே கவாஸ்கர் "சூப்பர்ப், சூப்பர்ப், சூப்பர்ப்"னு கொண்டாடினார், யாருக்கும் அது நெருடலா இல்ல. ஷாட்டை திட்டினவரால ஆறு மாசம் கழிச்சு அடுத்த ஷாட்டை மனசார பாராட்ட முடியுது பாருங்க. நீங்க மூஞ்சியைப் பத்தி எழுதினீங்களே, அந்தப் பையன் அடுத்த மேட்ச்ல 5 விக்கெட் எடுத்தா நீங்க என்ன எழுதுவீங்க?

இன்னொரு முன்னாள் ப்ளேயர், கமெண்டேட்டர் சஞ்சய் மஞ்ச்ரேக்கரையும் பாருங்க. 2021ல அஸ்வினை ஆல் டைம் கிரேட்னு சொல்ல மாட்டேன், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எங்கயும் அவர் ஒரு இன்னிங்ஸ்ல 5 விக்கெட் எடுத்ததே இல்லன்னு சொன்னார். நம்ம ஆளுங்களுக்கு கோபம் வந்துச்சு, எனக்கும் அந்த முடிவு ஒப்பல, ஆனா கணக்கை வெச்சுப் பேசினா கணக்கை வெச்சு பதில் சொல்லலாம், அஸ்வினே ஒரு தமிழ்ப் பட வசனத்தை ட்வீட் பண்ணிட்டு போயிட்டார். அதே மஞ்ச்ரேக்கர் 2019ல ஜடேஜாவை "பிட்ஸ் அண்ட் பீசஸ்" (எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்ச) ப்ளேயர்னு ஒரே அடியா முத்திரை குத்தினார், ஜடேஜாவுக்கு அது சுருக்குன்னு குத்திச்சு, அந்த உலகக் கோப்பை செமி ஃபைனல்ல 59 பந்துல 77 அடிச்சார், மஞ்ச்ரேக்கரும் தோல்வியை வெளிப்படையா ஒத்துக்கிட்டார். ஒருத்தரோட ஆட்டத்தைப் பிரிச்சு மேயலாம், ஆனா அவருக்கு ஒரு பேரை ஒட்டிட்டா அதுக்கப்புறம் அவர் என்ன ஆடினாலும் ஜனங்க அந்தப் பேரைத்தான் பாக்குறாங்க.

நம்ம தமிழ்நாட்டு ஆல்ரவுண்டர் விஜய் சங்கருக்கு அதுதான் நடந்துச்சு, இன்னைக்கும் நினைச்சா எனக்கு ஆறல. 2018 மார்ச் 18, கொழும்பு, நிதாஹாஸ் டி20 தொடரோட ஃபைனல், பங்களாதேஷ் பவுலர் முஸ்தஃபிசுரோட 18வது ஓவர்ல தொடர்ந்து நாலு பந்து மிஸ் பண்ணார், மொத்தம் 19 பந்துல 17. தினேஷ் கார்த்திக் 8 பந்துல 29 அடிச்சு கடைசி பந்து சிக்ஸர்ல ஜெயிக்க வெச்சார். அந்த 17ஐ எவ்வளவு காட்டமா வேணா எழுதலாம், அந்தப் பந்துகளை அவரால படிக்கவே முடியல. ஆனா அதே தொடர்லதான் அவர் இந்தியாவுக்கு முதல்முறையா ஆடினார், பங்களாதேஷுக்கு எதிரான முதல் மேட்ச்ல மேன் ஆஃப் த மேட்ச்சும் அவர்தான், அதை எத்தனை பேர் ஞாபகம் வெச்சிருக்காங்க? அடுத்த வருஷம் உலகக் கோப்பைக்கு எடுத்தப்போ தேர்வுக்குழு தலைவர் பிரசாத், "மூணு டைமென்ஷன்" உள்ளவர், அதாவது பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங் மூணுலயும் உதவுவார்னு காரணம் சொன்னார், இடம் கிடைக்காத ராயுடு 3டி கண்ணாடி ஆர்டர் பண்ணியிருக்கேன்னு ட்வீட் போட்டார், அவ்வளவுதான், "3டி" விஜய் சங்கர் தலைல ஏறி உக்காந்துடுச்சு. அவர் தன்னைத்தானே டீமுக்கு எடுத்துக்கல தம்பி. கேள்வி கேக்க வேண்டிய இடம் தேர்வுக்குழு, அடி வாங்கினது ப்ளேயர்.

அப்புறம் உடம்பு. இதுல எனக்கு எந்த சமரசமும் கிடையாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சில செங்கல் சூளைல வேலை பாத்த குடும்பத்துல இருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டுல 800 மீட்டர்ல வெள்ளி வாங்கினாங்க. பாலினப் பரிசோதனைன்னு ஒண்ணு பண்ணி பதக்கத்தைப் பறிச்சாங்க. டாக்டருக்கும் அவங்களுக்கும் நடுவுல மட்டும் இருக்கவேண்டிய அந்த ரிப்போர்ட் டிவிக்கும் பேப்பருக்கும் வந்து ஊர் ஊரா ஓடுச்சு. ஏமாத்தினவங்க மாதிரி ஒரு பொண்ணை நிறுத்தி வெச்சு பேசினாங்க, அவங்க எந்த மருந்தும் எடுக்கல, எந்த விதியையும் ஏமாத்தல, பிறந்த உடம்போட ஓடினாங்க. அந்த வலியோடயே அப்புறம் கோச் ஆகி பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்தாங்க. "வெறும் ஒரு செய்திதானே"ன்னு யாராவது சொன்னா இதை ஞாபகம் வெச்சுக்குங்க. ஃபிட்னஸ் பத்தி எழுதலாம், ரெண்டாவது ரன்னுக்கு ஓட முடியலன்னா எழுதலாம், குண்டு கறுப்புன்னு எழுதக் கூடாது. 2025 மார்ச்ல ஒரு கட்சியோட செய்தித் தொடர்பாளர் ரோஹித் சர்மாவை குண்டுன்னு போட்டுட்டு அப்புறம் பதிவை எடுக்க வேண்டியதாச்சு, அதே மாசம் 9ஆம் தேதி சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல்ல அந்த ரோஹித்தான் 76 அடிச்சு மேன் ஆஃப் த மேட்ச்.

மதம், ஜாதி, குடும்பம் இதெல்லாம் சொல்லவே வேண்டாம். 2021 அக்டோபர்ல துபாய்ல பாகிஸ்தான்கிட்ட 10 விக்கெட்ல தோத்தப்போ எல்லா பவுலரும்தான் அடி வாங்கினாங்க, ஷமியோட மதத்தை மட்டும் இழுத்தாங்க. இங்கிலாந்துல சன் பத்திரிகை 2019ல பென் ஸ்டோக்ஸ் பிறக்கிறதுக்கு முன்னாடி அவர் குடும்பத்துல நடந்த துயரத்தை முதல் பக்கத்துல போட்டுச்சு, 2021ல மன்னிப்பு கேட்டு நஷ்டஈடும் குடுத்துச்சு. அவர் பேட்டிங்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அதே மாதிரி ஆதாரம் இல்லாம "காசு வாங்கிட்டான்"னு கோடு காட்டி எழுதுறது, அப்போ ஐ.பி.எல். தலைவரா இருந்த லலித் மோடி 2010ல நியூசிலாந்து ப்ளேயர் கிறிஸ் கெய்ன்ஸை மேட்ச் ஃபிக்ஸர்னு ஒரே ஒரு ட்வீட் போட்டார், லண்டன் கோர்ட் 2012ல 90,000 பவுண்ட் கட்டச் சொல்லுச்சு. இங்கயும் அவதூறு குற்றம்தான், ஜெயில் வரைக்கும் போகலாம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் எங்கன்னா, நம்ம காரம் எல்லாம் கீழ இருக்கிறவங்க மேலதான் பாயுது. 20 வயசு பையனை கிழிக்கத் தெரிஞ்ச பேனா, 2015ல பெட்டிங் விவகாரத்துல சென்னை டீமுக்கு 2 வருஷம் தடை வந்தப்போ எவ்வளவு கோபமா எழுதுச்சு? மஞ்சள் ஜெர்சி பாசம் கண்ணை மறைச்சுடுச்சு. போர்டு, தேர்வுக்குழு, டீம் ஓனர், கோடில சம்பளம் வாங்குற கேப்டன், இவங்ககிட்ட கடுமையா இருங்க, அவங்களுக்கு பதில் சொல்ல மைக்கும் ஆளும் இருக்கு. இன்னும் ஸ்டேட் டீம்ல இடம் உறுதியாகாத பையனுக்கு பதில் சொல்ல ஒரு அக்காதான் இருக்காங்க.

அவங்களுக்கு இன்னைக்கே எழுதுங்க. அந்த வரியை எடுத்துட்டு, எடுத்திருக்கோம்னு கட்டுரைக்கு அடில போடுங்க, சத்தமில்லாம அழிக்காதீங்க. ஓவர் மோசமா இருந்துச்சுங்கிறதை எடுக்க வேண்டாம், அது நடந்தது, அதை மறைச்சா அந்தப் பையனுக்கே அவமானம். அவர் இன்னும் ரூம்லயே இருந்தா கோச்கிட்டயும் ஒரு நல்ல டாக்டர்கிட்டயும் பேசச் சொல்லி அக்காகிட்ட சொல்லுங்க.

எடிட்டர்கிட்ட போறப்போ வெறும் கையோட போகாதீங்க, வேற ஹெட்லைனை எழுதி எடுத்துட்டு போங்க. "கடைசி ஓவரை ஏன் இவரிடம் கொடுத்தார் கேப்டன்?" இதுவும் காரம்தான், ஜனங்க இதையும் கிளிக் பண்ணுவாங்க. ஒத்துக்கலன்னா அந்தக் கட்டுரைல உங்க பேர் வேண்டாம்னு சொல்லுங்க, அதைக் கேக்குற உரிமை உங்களுக்கு இருக்கு. இன்னொண்ணு, டெஸ்க்ல உக்காந்து ஸ்கோர் கார்டு பாத்து எழுதுறவங்கதான் பெரும்பாலும் ரொம்ப கொடூரமா எழுதுறாங்க, கிரவுண்டுக்குப் போற ரிப்போர்ட்டர் மறுநாள் அதே ப்ளேயர் முகத்தைப் பாக்கணும். திருச்சிலயே லீக் மேட்ச் நடக்கும், லீவு நாள்ல நெட்ஸ்க்குப் போய் ஒரு பவுலிங் கோச் பக்கத்துல நில்லுங்க, பனில நனைஞ்ச பந்தை வெச்சு ஆறு யார்க்கர் போடச் சொல்லி ஒரு பையனைப் பாருங்க, எத்தனை சரியா விழுதுன்னு எண்ணி அதை எழுதுங்க.