லாக் செய்த யூசர்கள் இன்னும் லைசென்ஸ் கணக்கில் வருவது ஏன்?

நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்.ஏ.பி. மென்பொருளில் லாக் வேறு, காலாவதி வேறு. வேலையை விட்டு விலகியவர்களை நீங்கள் லாக் மட்டும் செய்திருப்பதால்தான், லைசென்ஸைக் கணக்கிடும் யூ.எஸ்.எம்.எம். அவர்களை இன்னும் எண்ணுகிறது. யூசர் விவரங்களை மாற்றும் திரையான எஸ்.யூ.01-இல் லாகான் டேட்டா டேபுக்குப் போய், முடிவுத் தேதியாக அவர்களின் கடைசி வேலைநாளைப் போடுங்கள். அந்த நாள் முழுக்க அவர்களால் உள்ளே வர முடியும். நிறையப் பேர் என்றால், மொத்தமாக மாற்ற எஸ்.யூ.10. அதில் தேதிக்குப் பக்கத்திலுள்ள மாற்றப் பெட்டியை டிக் செய்யாவிட்டால், சேவ் கொடுத்தாலும் தேதி மாறாது.

தேதி போடுவதற்கு முன்னால், பின்னணியில் தானாக ஓடும் வேலைகளை (ஜாப்) காட்டும் எஸ்.எம்.37-ஐக் கட்டாயம் பாருங்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். ஜாபை உருவாக்கியவர் ஒருவர், அதிலுள்ள ஸ்டெப் (ஜாபின் ஒரு படி) ஓடுவது இன்னொருவர் பெயரில் என்று இருக்கும். அந்த இன்னொருவர் காலாவதியானால் ஜாப் நின்றுவிடும். ஸ்டெப் யூசரை ஒரு சிஸ்டம் யூசருக்கு (எந்த ஆளுக்கும் சொந்தமில்லாத யூசர்) மாற்றிவிட்டுத் தேதி போடுங்கள். ஐடியை அழிக்க வேண்டாம். அழித்தால் பழைய ஆவணங்களில் வெறும் ஐடிதான் மிஞ்சும், ஆள் யாரென்று ஆடிட்டருக்குத் தெரியாது.