சாயங்காலம் இறங்கும் இமை

பக்கவாதம் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை. முகத்தின் ஒரு பக்கத் தசை செயலிழக்கும் முகவாதத்தில் கண்ணை மூட முடியாமல் போகும். உங்களுக்கோ இமை மேலே நிற்கவில்லை. இடது கண்ணின் மேல் இமை காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலம் இறங்குகிறது, அப்போது டிவியில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது, தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. மூன்று மாதமாகத் தினமும் இப்படி நேரம் பார்த்து வந்து போவது பக்கவாதத்தின் குணம் அல்ல.

கூடவே எழுதியிருக்கும் கண் துடிப்பதையும் கருவளையத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டாலும் ஆபத்தில்லை.

நான் சந்தேகப்படுவது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச் சோர்வு நோயை. தசையை இயக்க நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் இடங்களை, உடலின் எதிர்ப்புப் புரதங்களே தசையில் அடைத்துச் சிதைக்கின்றன. உழைக்க உழைக்கத் தசை சோர்கிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் உழைப்பது இமைத் தசை என்பதால் பலருக்கு அங்கேதான் தொடங்கும். வயதால் தசைநார் தளர்ந்து இறங்கும் இமை இந்த அளவுக்கு ஏறி இறங்காது.

காலையில் டாக்டரிடம் போனால் இமை நன்றாகத்தான் இருக்கும், 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். சாயங்கால நேரம் கேட்டு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஒரே வெளிச்சத்தில் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். அவர் ஒன்றிரண்டு நிமிடம் கண்ணை மேலேயே பார்க்கச் சொல்வார். இமை மெல்லச் சரிகிறதா என்று கவனிப்பார். துணியில் சுற்றிய ஐஸை மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்து, இமை 2 மில்லிமீட்டராவது உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இல்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று பொருளில்லை. கண்ணோடு நிற்கும் நோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தென்படாது. அப்போது நரம்பைத் தூண்டிப் பார்க்கும் சோதனை தேவைப்படும். நோய் உறுதியானால், நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள்.

சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அசித்ரோமைசின், தூக்கத்துக்காக இணையத்தில் படித்துச் சாப்பிடும் மெக்னீசியம் மாத்திரை: இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். இரண்டுமே இந்த நோயை மோசமாக்கக்கூடியவை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். டாக்டரே ஆன்டிபயாடிக் எழுதினாலும் இந்தச் சந்தேகத்தை முதலில் அவரிடம் சொல்லுங்கள். இமையைத் தூக்கும் ஆபரேஷன் பற்றி இப்போது விசாரிக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது, குடித்த தண்ணீர் மூக்கில் ஏறுவது, மெல்லும்போது தாடை ஓய்ந்துபோவது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். செயற்கை சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு அப்போதே போங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறதே என்று தள்ளிப்போட வேண்டாம். மூச்சுத் தசை ஓய்ந்துகொண்டிருக்கும்போதும் அந்த எண் நன்றாகவே இருக்கும். அது இறங்கும்போது நேரம் கடந்திருக்கும்.

திடீரெனக் கடும் தலைவலியோடு இமை விழுந்து, அந்தக் கண்ணின் நடுக் கறுப்பு வட்டம் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அது வேறு நோய், மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். அதற்கும் உடனே ஆம்புலன்ஸ்தான். நீங்கள் எழுதியிருப்பது அது அல்ல. உங்களுக்கு இந்த வாரத்துக்குள் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தால் போதும்.