பழைய ஸ்டீரியோவில் கணினிப் பாட்டும் இணைய வானொலியும்: எதை வாங்கலாம்?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் 1990களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. கேசட்டுகளிலிருந்தும் சிடிக்களிலிருந்தும் பல ஆண்டுகளாக மாற்றிச் சேர்த்த சுமார் நான்காயிரம் பாடல்கள் மாடியறைக் கணினியில் உள்ளன. அவற்றையும் இணையம் வழியாக ஆகாசவாணியையும் கம்பி இழுக்காமல் கூடத்தில் கேட்க விரும்புகிறேன். கடைக்காரர் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு சவுண்ட்பார் (நீளமான ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி) வாங்கச் சொல்கிறார். என் மகனோ 600 ரூபாய் புளூடூத் ரிசீவர் போதும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? (ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி)

பதில்: ஆம்ப்ளிஃபயரை மாற்றவே வேண்டாம். நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கருக்கும் ஈடான ஒலியை நடுத்தர விலையிலுள்ள சவுண்ட்பார் தந்துவிடாது. உங்களுக்குத் தேவைப்படுவது, கணினியிலிருந்தோ இணையத்திலிருந்தோ பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயரின் பின்புறத் துளையில் கொடுக்கும் ஒரு சிறு கருவி மட்டுமே. அந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஏனென்றால், முப்பது ஆண்டுகள் உழைத்த உங்கள் ஸ்டீரியோவுக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் புதிய பெட்டி, தவறாகத் தேர்ந்தெடுத்தால், ஐந்தே ஆண்டுகளில் பயனற்றுப் போகக்கூடும்.

உங்கள் மகன் சொல்லும் புளூடூத் ரிசீவர் மோசமான பொருள் அன்று. ஆனால் அது வேலை செய்யும் முறையை அறிந்துகொண்டு வாங்குங்கள். புளூடூத்தில் பாடுவது உங்கள் கைப்பேசிதான். ரிசீவர் அதைக் கேட்டு ஆம்ப்ளிஃபயருக்குச் சொல்கிறது, அவ்வளவே. எனவே கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் பாட்டு விட்டுவிட்டு வரும், அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும், குறுஞ்செய்தியின் மணியோசையும் பெரிய ஸ்பீக்கரில் ஒலிக்கும். வழக்கமான சிறு கருவிகளில் அதன் எட்டும் தூரம் தடையற்ற வெளியில் சுமார் 10 மீட்டர். நடுவில் கான்கிரீட் தளம் இருந்தால் இன்னும் குறையும். ஆகவே மாடியறைக் கணினியிலிருந்து கீழ்த்தளக் கூடத்துக்குப் புளூடூத் வழியாகப் பாட்டு அனுப்பலாம் என்று நம்பி வாங்க வேண்டாம். ஒலித்தரத்தைப் பொறுத்தவரை, எல்லாப் புளூடூத் கருவிகளிலும் உள்ள அடிப்படை முறையான எஸ்பிசி, நல்ல அமைப்பில் நொடிக்கு 328 கிலோபிட் அளவுக்குப் பாட்டைச் சுருக்கி அனுப்புகிறது. சிடியில் இருப்பது நொடிக்கு 1,411 கிலோபிட். கணக்கில் இது பெரிய இறக்கமாகத் தோன்றினாலும், கேசட்டிலிருந்து எடுத்த பாடல்களில் இந்த வேறுபாட்டை உங்கள் காது உணரப்போவதில்லை.

உங்கள் தேவைக்குப் பொருத்தமானது வைஃபை வழியாக இயங்கும் ‘ஸ்ட்ரீமர்’ வகைக் கருவி. இதில் கைப்பேசி வெறும் ரிமோட் போன்றது. எந்தப் பாட்டு, எந்த நிலையம் என்று நீங்கள் சொன்னதும், கருவியே வீட்டு ரௌட்டர் வழியாகக் கணினியிடமோ இணையத்திடமோ நேரே சென்று ஒலியைப் பெற்றுக்கொள்ளும். அதன் பிறகு கைப்பேசியை அணைத்து வைத்தாலும் பாட்டு நிற்காது. (கைப்பேசியிலோ கணினியிலோ ஓடும் பாட்டை ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்ப்ளே போன்ற முறைகளில் அப்படியே அனுப்பும்போது மட்டும் இது பொருந்தாது, அப்போது அனுப்பும் கருவி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.) கணினியிலுள்ள நான்காயிரம் பாடல்களை வீட்டுக்குள் பரிமாறுவதற்கு டிஎல்என்ஏ என்ற, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் பொது முறை இருக்கிறது. விண்டோஸில் மீடியா ஸ்ட்ரீமிங் என்ற அமைப்பை இயக்கினாலே கணினி இவ்வாறு பரிமாறத் தொடங்கிவிடும். பாட்டுக் கேட்கும்போதெல்லாம் மாடியில் கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே என்று நினைத்தால், உங்கள் ரௌட்டரின் பின்புறம் யூஎஸ்பி துளை இருக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய பல ரௌட்டர்கள், பாடல்கள் நிறைந்த ஒரு பென் டிரைவைச் செருகினால், அவையே பாட்டுக் களஞ்சியமாக வேலை செய்யும். கணினிக்கு ஓய்வு கிடைக்கும், மின்சாரமும் மிச்சமாகும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இனிமேல் வருவதைத்தான். இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டில் இருந்தாலும் அவற்றின் உயிர் வேறொரு நிறுவனத்தின் சர்வரில், அதாவது இணையம் வழியாகச் சேவை தரும் கணினியில், இருக்கிறது. கூகுள் 2015இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் ஆடியோ, பழைய ஸ்டீரியோ வைத்திருந்தவர்களுக்கென்றே செய்தது போன்ற அருமையான சிறு கருவி. 2019 ஜனவரியில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில், அதற்குள் இருந்த, கருவி உண்மையானதுதான் என்று காட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால், உலகெங்கும் ஒரே நேரத்தில் அக்கருவிகள் முடங்கின. நிறுவனம் சில நாட்களில் சரிசெய்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் பழுதில்லாத ஒரு பொருள் வாங்கியவரின் தவறு எதுவுமின்றி நின்றுபோக முடியும் என்பதை அந்தச் சில நாட்கள் காட்டிவிட்டன. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2003இல் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசைக் கருவிகளை, அந்நிறுவனத்தை 2006இல் வாங்கிய லாஜிடெக் 2012இல் கைவிட்டது. அவற்றுக்கான இணையச் சேவையும் 2024இல் மூடப்பட்டது. ஆயினும் அக்கருவிகள் இன்றும் பல வீடுகளில் பாடிக்கொண்டிருக்கின்றன. காரணம், அவற்றை இயக்கும் சர்வர் மென்பொருள் தொடக்கம் முதலே திறந்த மூல மென்பொருளாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியதாக, இருந்தது. வாங்கியவர் தம் சொந்தக் கணினியிலேயே அதை நிறுவிக்கொள்ள முடிந்தது. லிரியான் மியூசிக் சர்வர் என்ற புதிய பெயரில் ஆர்வலர்கள் இன்றும் அதை வளர்த்து வருகிறார்கள்.

ஆகையால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒலித்தரம் பற்றியது அன்று. தயாரித்த நிறுவனத்தின் சேவை நாளையே நின்றுபோனாலும் இந்தக் கருவி என் கணினியிலுள்ள பாடல்களைப் பாடுமா, வானொலி நிலையத்தின் இணைய முகவரியை நானே தட்டச்சு செய்து சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். டிஎல்என்ஏ வசதியும், நிலைய முகவரியைக் கையால் சேர்க்கும் வசதியும் இருந்தால் அந்தக் கருவி நீண்ட நாள் உங்களுக்கு உழைக்கும். எல்லாவற்றுக்கும் கணக்குத் தொடங்கி உள்நுழைந்தால்தான் ஆகும் என்றிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தவிர்த்துவிடுங்கள். ஆகாசவாணியின் இணைய ஒலிபரப்பு எச்எல்எஸ் என்ற முறையில் வருவதால், கருவி அம்முறையை ஏற்குமா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் கடையிலேயே ஒரு தமிழ் நிலையத்தைப் பாடவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் மகனுக்குக் கணினியில் ஈடுபாடு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகையும், அதன்மேல் பொருத்தும் டாக் என்ற ஒலிப் பலகையும் வாங்கி, வாலூமியோ அல்லது பைகோர்பிளேயர் என்ற இலவச மென்பொருளை நிறுவினால், யாருடைய தயவும் வேண்டாத ஸ்ட்ரீமர் வீட்டிலேயே உருவாகிவிடும். டாக் பலகையைத் தவிர்த்துச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். ராஸ்பெரி பையின் சில மாடல்களில் ஹெட்போன் துளையே கிடையாது. இருக்கும் மாடல்களிலும் அதன் ஒலி உங்கள் ஸ்பீக்கர்களுக்கு நியாயம் செய்யாது.

கேள்வி: ஸ்ட்ரீமர் வாங்கிப் பழைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன். ஒலி கரகரப்பாகவும், அடித்தொனி மிக அதிகமாகவும் வருகிறது. கருவி பழுதா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: ஃபோனோ என்று எழுதிய துளையில் செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது இசைத்தட்டுக் கருவியின் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் அளவுள்ள மிக நுண்ணிய மின்குறிக்கானது. ஸ்ட்ரீமர் தருவதோ 2 வோல்ட் வரை, அதாவது பலநூறு மடங்கு. அத்துடன், இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த அடித்தொனியை ஈடுசெய்ய அந்தத் துளைக்குப் பின்னாலுள்ள சுற்று அதை உயர்த்தவும் செய்கிறது. உடனே கழற்றி ஆக்ஸ், டியூனர், டேப் அல்லது சிடி என்று எழுதிய துளையில் மாற்றுங்கள். ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னும் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இடது, வலது ஒலிக்கெனத் தனித்தனியாக உள்ள ஆர்சிஏ துளைகளுக்குப் பதிலாக ஐந்து பின் கொண்ட வட்டமான டின் துளை மட்டும் இருக்கும். அதற்கான மாற்றுக் கேபிள் ஒலிக்கருவி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது அது 3, 5 எண் பின்களுக்கு இணைக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். 1, 4 எண் பின்கள் ஆம்ப்ளிஃபயரிலிருந்து டேப்புக்குப் பதிவு செய்ய வெளியே போகும் வழி. அவற்றில் இணைத்த கேபிளைச் செருகினால் ஒலியே வராது. இது தெரியாமல் நல்ல கருவியைப் பழுதென்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் ‘உலகின் ஆயிரக்கணக்கான நிலையங்கள்’ என்ற விளம்பரத்தை நம்பி ஓர் இணைய வானொலிப் பெட்டி வாங்கினேன். இப்போது நிலையப் பட்டியலே வருவதில்லை. தயாரிப்பாளரிடம் கேட்டால் சேவை முடிந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு ஏதாவது உரிமை உண்டா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. பெட்டிக்குள் எந்த நிலையமும் இல்லை. பட்டியலை வேறொரு நிறுவனம் பராமரித்து, தயாரிப்பாளருக்கு வாடகைக்குத் தருகிறது. விடியூனர் என்ற பட்டியல் சேவையை நம்பியிருந்த பல கருவிகளில் 2018, 2019 ஆண்டுகளில் இத்தகைய தடங்கல் ஏற்பட்டது. சிலவற்றில் பட்டியல் வேறு நிறுவனத்துக்கு மாறியபோது, பயனர்கள் சேமித்து வைத்திருந்த விருப்ப நிலையங்களும் அழிந்தன.

முதலில் மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, பெட்டிக்கு டிஎல்என்ஏ வசதி இருந்தால், கணினியில் ஒரு மீடியா சர்வர் மென்பொருளை நிறுவி, ரேடியோ பிரௌசர் என்ற தன்னார்வலர்களின் திறந்த பட்டியலிலிருந்து நிலைய முகவரிகளை எடுத்து, அதன் வழியாகப் பெட்டிக்கு அனுப்ப முயலலாம். இந்த வழியில் இன்னொரு நன்மையும் உண்டு. பல நிலையங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாக்கப்பட்ட இணைய முகவரிக்கு மாறிவிட்டன, பழைய பெட்டிகளால் அதைத் திறக்க இயலாது. நடுவில் கணினி இருந்து அதைத் திறந்து எளிய வடிவில் கொடுக்கும்படி சில சர்வர் மென்பொருள்களில் அமைக்கலாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். பல ஆண்டுகள் பயன்படுத்திய பொருளுக்கு முழு விலையும் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. ஆனால் நிலையங்களின் எண்ணிக்கையைப் பெரிதாக அச்சிட்டு, அந்தச் சேவை எவ்வளவு காலம் என்பதை எங்கும் சொல்லாமல் விற்றிருந்தால், அந்த அட்டைப்பெட்டியும் ரசீதும் உங்களுக்கு வலுவான சான்றுகள். அவற்றைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாள் முழுவதும் இணைய வானொலி கேட்டால் டேட்டா தீர்ந்துவிடாதா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நொடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் ஒலிபரப்பும் நிலையம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 எம்பி எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் கேட்டாலும் 600 எம்பியைத் தாண்டாது. 64 கிலோபிட் நிலையமாக இருந்தால் இதில் பாதிதான். வீட்டு பிராட்பேண்டில் இது ஒரு பொருட்டே அன்று; கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பிக் கேட்பவராக இருந்தால் மட்டும் உங்கள் தினசரி வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினியிலுள்ள பாடல்களை வைஃபை வழியாகக் கேட்பதற்கு இணைய டேட்டா சிறிதும் செலவாகாது, ஏனெனில் அவை ரௌட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை.